நாலு இஞ்சுக் குழாயின் வரலாறு



நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய ஒரு தோழரின் நினைவாக நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம். இந்த ஆண்டு என்னைப் பேச அழைத்தவர்கள் தலைப்பு என்னவென்று கேட்டார்கள். "வீட்டுக் கக்கூஸ் குழாய் உடைந்தால் நாமே சரிசெய்வது பற்றி" என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம் வரலாற்றின் ஒரு பெரிய பகுதி அந்த நாலு இஞ்சுக் குழாய்க்குள் கிடக்கிறது.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் ஈரம் காயவே இல்லை. மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. கழிப்பறையிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் போகும் குழாய் மண்ணுக்கடியில் உடைந்திருந்தது. காம்பவுண்டுக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகவே எப்போதும் வரும் பிளம்பரை அழைத்தேன். வந்து பார்த்தவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "தண்ணி லைன்னா நான் பாத்துருவேன் மேடம். இதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லி, ஒரு தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நம்பரை என் போனில் அழுத்தினேன். பத்து எண்களும் முடிந்ததும் திரையில் பெயர் வந்தது: சித்தப்பா.

என் அப்பாவின் தம்பி அவர். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. எங்கள் அம்மாச்சி எடுப்புக் கக்கூஸில் வாளி எடுத்தவள். அம்மா தெருக் கூட்டியவள். நான் சமூகவியலில் எம்.ஏ. படித்தவள். நகரத்தில் எந்த வீட்டில் குழாய் உடைந்தாலும் மணி எங்கள் காலனியில்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அழைத்தாலும் அங்கேதான் அடிக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

'உங்கள் வீட்டுக் குழாயை நீங்களே சரிசெய்யலாம்' என்று சொல்லித்தரும் குறிப்புகள் எல்லா மொழிகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் வரும் 'நீங்கள்' யார்? அந்த 'நீங்க'ளுக்குச் சாதி கிடையாது. இந்த ஊரில் நமக்கு அப்படியொரு 'நீங்கள்' வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை என்பதுதான் இன்றைய என் பேச்சு.

வாளியும் சந்தும்

1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனின் தேம்ஸ் நதி நாறியது. நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அவர்கள் மூக்குக்கு எட்டியதும் சட்டம் வேகமாக வந்தது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் நகரத்துக்கு அடியில் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். அதற்கு முன்பே, 1840களில், எட்வின் சாட்விக் என்ற சீர்திருத்த அதிகாரி இன்னொன்றை வலியுறுத்தி வந்தார்: வீடுகளிலிருந்து கழிவைக் கொண்டுபோக, உள்ளே மெருகு பூசிய, வட்டமான, சிறிய மண் குழாய்கள் போதும். குழாய் வழவழப்பாக இருந்து, சரிவு சரியாக அமைந்தால், ஊற்றும் தண்ணீரே கழிவை இழுத்துப் போய்விடும். மனிதக் கை படவேண்டிய அவசியத்தை ஒழிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட பொருள் அது.

லண்டனிலும் அதுவரை இரவில் மலக்குழிகளை அள்ளிய ஏழைகள் இருந்தார்கள். குழாய் வந்தபின் அந்தத் தொழில் மெல்ல மறைந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

இங்கே என்ன நடந்தது? ஆட்சி அதேதான்; பொறியாளர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தாம். கல்கத்தாவில் 1850களின் இறுதியிலேயே பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுத்தார்கள். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினார்கள். ஆனால் பெரும்பாலான ஊர்களில், பெரும்பாலான வீடுகளில் குழாய் வரவில்லை. வாளிதான் வந்தது. குழாய்க்கும் தண்ணீருக்கும் பணம் செலவாகும். வாளி தூக்கப் பிறப்பாலேயே ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். அவர்கள் உழைப்பு மலிவு. அதனால் இங்கே குழாய்க்கு யாருக்கும் அவசரமில்லை.

பழைய நகரங்களில் வீடுகளின் பின்பக்கம் ஒரு குறுகிய சந்து போகும். தோட்டிச் சந்து என்றுதான் அதற்குப் பெயர். கழிப்பறையின் பின்சுவரில் அடியில் ஒரு திறப்பு இருக்கும். என் அம்மாச்சி அந்தத் திறப்பின் வழியாகத் தகரத்தால் சுரண்டி வாளியில் எடுப்பாள். முப்பது வீட்டுக்காரர்களின் மலம் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. நம் உழைப்புக்கென்று கொத்தனார் அளந்து கட்டிய வழி அது ஒன்றுதான். சாதியை மனுதர்மத்தில் மட்டும் தேடாதீர்கள். வீட்டு வரைபடத்திலும் தேடுங்கள்.

சட்டத்திலும் அது இருக்கிறது. 1888ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தில், கழிவகற்றுவதற்காக வீட்டுக்காரர்கள் கட்டவேண்டிய வரியின் பெயர் 'ஹலால்கோர் வரி'. மலம் அள்ளியவர்களுக்கு வழங்கிய பெயர் ஹலால்கோர். பிற்காலத்தில் அதைக் கழிவுநீர் வரி என்று மாற்றினார்கள். ஒரு நவீன நகராட்சி தன் சேவைக்குப் பெயர் வைக்கும்போது வண்டியையோ குழாயையோ நினைக்கவில்லை, ஒரு மக்கள் கூட்டத்தை நினைத்தது.

தவமும் தொழிலும்

'தானே செய்தல்' என்றதும் நம் நாட்டில் எல்லோரும் காந்தியைச் சொல்வார்கள். அதைத் தாண்டிப் போக முடியாது.

1898 வாக்கில் டர்பனில் அவர் குடியிருந்த வீட்டைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மேற்கத்திய பாணி வீடு. அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியேற வழியில்லை. அறைக்கு ஒரு பாத்திரம். அவருடைய குமாஸ்தாக்கள் சிலர் அங்கேயே தங்கியிருந்தார்கள். பழகியவர்கள் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே சுத்தம் செய்தார்கள். புதிதாக வந்தவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பாத்திரத்தைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே தூக்கிவந்தார். சிரித்த முகத்தோடு செய்யவேண்டும் என்றார் காந்தி. சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துப் போனார். பின்னாளில் வெட்கத்தோடுதான் இதை எழுதினார்.

இந்தக் கதையைப் படிப்பவர்கள் காந்தியைப் பற்றிப் பேசுவார்கள், கஸ்தூரிபாவைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்தக் குமாஸ்தாவின் நினைப்புத்தான் வருகிறது. பஞ்சமர் என்பது சென்னை மாகாணத்தில் நம்மைக் குறித்த சொல். கடல் கடந்து, மதம் கடந்து, எழுத்துவேலைக்கு வந்துவிட்ட ஒருவர். அவருடைய பாத்திரத்தை வைத்துப் பெரிய வீட்டில் ஓர் அறப்போராட்டம் நடக்கிறது. அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை.

1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டிலும் காந்தி கழிப்பிடத்தைத் தானே சுத்தம் செய்தார். ஆசிரமங்களில் அதை விதியாக்கினார். அது பொய்யான செயல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1936இல் 'ஹரிஜன்' இதழில் இலட்சியத் துப்புரவாளர் எப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார். அந்தத் தொழிலைப் புனிதமாக்கினார்.

1945இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்கும் நூலில் அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பதில் சொன்னார். இந்தியாவில் ஒருவர் துப்புரவாளர் ஆவது செய்யும் வேலையால் அல்ல, பிறப்பால்; அந்த வேலையை அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதுதான் நிலை என்பது அவர் வாதம். வேறு வழியில்லாமல் அந்த வேலையில் தள்ளப்பட்டவர்களிடம் போய், அது உயர்ந்த தொழில் என்று புகழ்வது கொடுமை என்றார்.

இதை என் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கிறேன். காந்தி வாழ்நாள் முழுக்கக் கழிப்பிடம் கழுவினாலும் மகாத்மாவாகவே இருந்தார். நான் ஒரே ஒரு நாள் என் வீட்டுக் குழாயில் கைவைத்தால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவுங்க ஆளுகதான, பழக்கந்தான்." அவர் செய்தால் தவம். நான் செய்தால் குலத்தொழில். இதை மறந்துவிட்டு 'தானே செய்தல்' பற்றிப் பேச முடியாது.

குழாய் தந்த வாக்குறுதி

1935இல் முல்க் ராஜ் ஆனந்த் 'தீண்டத்தகாதவன்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். கக்கூஸ் கழுவும் பாக்கா என்ற இளைஞனின் ஒருநாள் வாழ்க்கை அது. நாவலின் முடிவை நோக்கி அவனுக்கு மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று கிறிஸ்தவ மதம். இன்னொன்று காந்தி. மூன்றாவதை ஒரு கவிஞர் சொல்கிறார்: தண்ணீர் விட்டால் தானே கழுவிக்கொண்டு போகும் கழிப்பறை. இயந்திரம் வந்துவிட்டால் இந்த வேலையே இருக்காது. வேலை இல்லையென்றால் தீண்டாமையும் இருக்காது என்ற நம்பிக்கை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947இல், தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' மலையாளத்தில் வந்தது. ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறைகளின் கதை. அதில் வரும் பெயர்களைக் கேளுங்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. திருநெல்வேலிச் சீமைப் பெயர்கள். நம் ஆட்கள்தாம். தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று சுடலைமுத்து என்னென்னவோ செய்து பார்க்கிறான். கடைசியில் மகன் கையிலும் வாளிதான் வருகிறது.

விடுதலைக்குப் பிறகு 1949இல் பம்பாய் அரசு பார்வே குழுவை அமைத்தது. 1957இல் மல்கானி தலைமையில் ஒரு குழு வந்தது. அக்காலப் பரிந்துரைகளில் பெரிதாகப் பேசப்பட்டது என்ன தெரியுமா? தலையில் சுமக்காமல் தள்ளுவண்டியில் தள்ளலாம் என்பதுதான். சுமை தலையிலிருந்து கைக்கு இறங்கும். ஆள் மாறமாட்டார்.

வசதியில்லாததால்தான் குழாய் வரவில்லை என்று யாராவது சொன்னால் கோலார் தங்கவயலைக் காட்டுங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன தலித் மக்கள் வெட்டி வளர்த்த ஊர் அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கத் தெரிந்த பொறியியல் அங்கே இருந்தது. அதே ஊரில் மலம் வாளியில்தான் போனது. அங்கே 1966இல் ஒரு துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன், அந்தக் கழிப்பிடங்களைப் படமெடுத்து நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே வைத்துப் போராடவேண்டியிருந்தது. பிற்பாடு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற பெரும் இயக்கமாக அது வளர்ந்தது.

மனிதன் உள்ளே போனான்

1993இல் நாடாளுமன்றம் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்தது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது எடுப்புக் கக்கூஸ் மட்டும். குழாய் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அது எண்ணியது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஆனால் குழாயும் அடைக்கும். துணி, நாப்கின், பிளாஸ்டிக், மணல், கட்டடக் கலவை எல்லாம் போனால் அடைக்கத்தான் செய்யும். முதலில் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்துவார்கள். அசையாவிட்டால் ஆளை இறக்குவார்கள். மூடிக்கிடக்கும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். செறிவு கூடும்போது அந்த வாயு முதலில் மூக்கின் முகரும் சக்தியை அழித்துவிடும். 'நாத்தம் கொறஞ்சிருச்சு' என்று இறங்குகிறவர் நினைப்பது அந்த நேரத்தில்தான். செறிவு மிகுந்துவிட்டால் சில மூச்சில் மயக்கம். மேலே நிற்பவர் கூட்டாளியைத் தூக்கக் குதிப்பார். அதனால்தான் செய்தித்தாளில் இருவர் சாவு, மூவர் சாவு என்றே வாசிக்கிறோம்.

இன்னொன்றையும் வரலாறாகப் பதிவுசெய்ய வேண்டும். வாளிக் காலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். குழாய்க் காலத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கினார்கள். எங்கள் காலனியில் அம்மாச்சிகளின் தலைமுறை நோயோடு கிடந்து செத்தது. அடுத்த தலைமுறையில் பெண்கள் இளம் வயதில் தாலியறுத்தார்கள். ஆனந்தின் கவிஞர் சொன்ன குழாய் வந்தது. தீண்டாமை அந்தக் குழாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் இதைத் தமிழ்நாட்டின் முன் வைத்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

போராட்டங்களால்தான் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை அது குற்றமாக்கியது. முதல்முறைக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உள்ளாட்சி அமைப்பு, ஒப்பந்த நிறுவனம் என்பதோடு சட்டம் நிற்கவில்லை. எந்த ஒரு நபரும் இப்படி ஆளை இறக்கக்கூடாது என்கிறது. வீட்டுக்காரரும் ஒரு நபர்தான். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்கள் அனைவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை.

கைவைத்த அன்று

இப்போது என் வீட்டுச் சந்துக்குத் திரும்புகிறேன்.

சித்தப்பா போனை எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "நீ உள்ள போத்தா, நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார். "நீங்க செய்ய வேணாம் சித்தப்பா. சொல்லிக் குடுங்க, நான் செய்யிறேன்" என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்கம்மா சோத்துல கைவைக்க முன்னாடி கைய மோந்து மோந்து பாப்பா. அந்த நாத்தம் உனக்கு வேணாம்னுதான் படிக்க வச்சேன். நீ திரும்பவும் அதுலயே கைய விடுறியா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுதாக இல்லை. அவள் கேட்டது நியாயம். ஆனால் நான் கைவைக்காவிட்டால் சித்தப்பா கைவைப்பார். என் பட்டம் எங்கள் குடும்பத்தில் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, இன்னொரு கையை அங்கேயே விட்டுவைத்திருக்கிறது என்றால் அந்தப் பட்டத்தை என்ன செய்வது?

செய்த வேலையைச் சொல்கிறேன். கழிப்பறையைப் பூட்டினோம். கையுறை, பூட்ஸ், கண்ணாடி போட்டுக்கொண்டோம். ஒன்றரை அடி தோண்டியதும் குழாய் தெரிந்தது. 110 மில்லிமீட்டர் பி.வி.சி. மணல் பரப்பாமல் சல்லிமேல் கிடத்தியிருந்தார்கள். ஒரு கல் கீழிருந்து அழுத்தி விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்கு இருபுறமும் நல்ல இடமாகப் பார்த்து ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தோம். அதே நீளத்தில் புதுத் துண்டு. நடுவில் தடுப்பில்லாத இரண்டு கப்ளிங்குகளைத் துண்டின்மேல் முழுதாக ஏற்றி, துண்டை இடைவெளியில் வைத்து, பசை தடவி, கப்ளிங்குகளை இரு மூட்டுகளின்மீதும் உடனே நகர்த்தினோம். சரிவு நாற்பதுக்கு ஒன்று: நாற்பது இஞ்சு தூரத்துக்கு ஓர் இஞ்சு இறக்கம். பசை இறுகியதும் பத்து வாளித் தண்ணீர் விட்டோம். கசியவில்லை. மணல் பரப்பி மூடினோம். பிளீச்சிங் பவுடர், சோப்பு, குளியல்.

அரைநாள் வேலை. இதில் தண்ணீர்க் குழாய் வேலையில் இல்லாத எந்தத் திறமையும் இல்லை. அதே பிளேடு, அதே கப்ளிங், அதே பசை. பிளம்பரை இரண்டடி பின்னால் நகர்த்தியது நாற்றம் மட்டுமல்ல. கையுறையும் சோப்பும் நாற்றத்தைச் சமாளிக்கும். அவர் பயந்தது அந்த வேலையோடு வரும் பெயருக்கு. நான் கற்றது அதைத்தான். தொழில்நுட்பத்தில் இல்லாத ஒரு பிரிவு தொழிலில் இருக்கிறது.

எல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்வது திறந்தவெளியில், தோண்டிய பள்ளத்தில் கிடக்கும் வீட்டுக் குழாய் பற்றி மட்டும். செப்டிக் டேங்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ யாரும் இறங்கக்கூடாது. எட்டிப் பார்க்கத் தலையை நீட்டவும் கூடாது. நாமும் கூடாது, நாம் காசு கொடுக்கும் ஆளும் கூடாது. அது இயந்திரத்தின் வேலை.

ஆகவே, ஆளாளுக்குத் தன் குழாயைச் சரிசெய்துகொண்டால் சாதி ஒழியும் என்று நான் சொல்லவில்லை. அது ஆசிரமப் பேச்சு. நம் காலனிப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது திணிக்கப்பட்டிருக்கிறது. நான் கேட்பது, இந்த வேலையைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது. கழிவுக் குழாயைத் தொடமாட்டேன் என்று சொல்லும் பிளம்பர் அரை பிளம்பர் என்று ஊர் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு மற்ற வேலைகளைவிடக் கூடுதல் கூலி வேண்டும். அடைப்பெடுக்கும் கம்பியும் இயந்திரமும் எட்டும்படி சேம்பர் கட்டாத வீட்டுக்கு அனுமதி தரக்கூடாது. ஆளை இறக்கிய வீட்டுக்காரர் மீது வழக்குப் பதியவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள். கடைசியாகக் குழாய் அடைத்தபோது யாரை அழைத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், கையுறை கொடுத்தீர்களா, குடிக்கத் தண்ணீர் எதில் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதுவே வரலாற்று ஆவணம். நம் ஆவணக் காப்பகங்களில் நகராட்சிகளின் வரவுசெலவு இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

அந்தப் பிளம்பருக்கு மறுவாரம் போன் செய்தேன். "நானே மாட்டிட்டேன், தண்ணி லைன் மாதிரிதான் இருக்கு. வந்து பாருங்க, அடுத்த வீட்டுல கேட்டா நீங்களே செய்யலாம்" என்றேன். பார்க்கலாம் மேடம் என்றார். இன்னும் வரவில்லை. நான் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.